பசியோடு உட்கார்ந்தால் பிள்ளை சாப்பிடும்: வீட்டில் சத்தான உணவைப் பழக்கும் வழிகள்

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோவை எட்டிவிடுகிறது. அந்த வேகம் அதன் பிறகு நீடிப்பதில்லை. இரண்டு வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் எடை கூடும். வளர்ச்சி தணியும்போது பசியும் தணிகிறது. புதிய உணவைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் இயல்பும் இதே பருவத்தில்தான் தலைகாட்டுகிறது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அது வலுவாக இருக்கும். ஒரு வயதில் கடைந்த கீரையை மறுக்காமல் விழுங்கிய பிள்ளை, மூன்று வயதில் சோற்றுக்குள் பச்சையாக ஒரு துணுக்கு தெரிந்தாலே துப்பிவிடுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம். இதை நோய் என்று எண்ணிப் பயப்படவும் வேண்டாம், அடம் என்று எண்ணி அடக்கவும் வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் தொடங்குவது, பசி குறைந்த அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது ஊட்டிவிட வேண்டும் என்று நாம் தவிக்கும்போதுதான். கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறோம், கைபேசியைக் கையில் கொடுக்கிறோம், பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம், ஒரு வாய்க்கு ஒரு சாக்லேட் என்று பேரம் பேசுகிறோம். சோறு இறங்காத நாளில் ‘வயிறு காயக் கூடாதே’ என்று பாலும் பிஸ்கட்டும் தருகிறோம். பிள்ளையின் மீதுள்ள அன்பினால் செய்யும் இந்த ஒவ்வொன்றும் அதன் பசியை இன்னும் கொஞ்சம் மழுங்கடிக்கிறது.

குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவரும் அமெரிக்க உணவியலாளர் எலின் சேட்டர் இதற்கு ஒரு பொறுப்புப் பிரிவினையை வகுத்தார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். கொடுத்ததில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக இருக்கிறது: என்ன சமைப்பது என்பதைக் குழந்தையிடம் கேட்கிறோம், எத்தனை வாய் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். கீழே சொல்லப்படும் வழிகள் எல்லாம் இந்தத் தலைகீழ் நிலையை நிமிர்த்துவதற்கானவையே.

முதலில் நேரம்

சமையலில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பத்தரை மணிக்கு ஒரு பழம், ஒரு மணிக்குச் சாப்பாடு, மாலை நாலரை மணிக்குத் தின்பண்டம், இரவு ஏழரை மணிக்குச் சாப்பாடு என்பது பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பொருந்தும் ஒரு வரிசை. மணி முன்பின் ஆகலாம். ஆனால் இரண்டு வேளைகளுக்கு இடையில் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரமாவது தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குப் போகக் கூடாது. ஒரு பிஸ்கட்தானே, இரண்டு முறுக்குதானே என்று தோன்றும். மூன்று வயதுக் குழந்தையின் சிறு வயிற்றுக்கு அது அரை வேளைச் சாப்பாடு.

பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘சோறுதான் சாப்பிடவில்லை, பாலாவது குடித்தானே’ என்ற ஆறுதல் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி வரை, அதாவது இரண்டு டம்ளர் அளவுக்கு, பால் போதும். அதற்கு மேல் போனால் வயிறு பாலாலேயே நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தோ மற்ற உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. நாளுக்கு ஐந்து டம்ளர் பால் குடித்து, சோற்றை ஒதுக்கி, கொழுகொழுவென்று இருந்தபடியே இரத்தசோகைக்கு ஆளாகும் பிள்ளைகள் உண்டு. ஆகவே பாலைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்காமல், மாலைத் தின்பண்டத்தோடும் இரவு சாப்பிட்டு முடித்த பிறகும் கொடுப்பது நல்லது. பால்புட்டியில் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒன்றரை வயதுக்குள் டம்ளருக்கு மாற்றிவிட வேண்டும்.

நேரத்தை இப்படி ஒழுங்குபடுத்தும்போது முதல் சில நாள்கள் கடினமாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்த பிள்ளை மூன்று மணிக்குப் பிஸ்கட் கேட்டு அழும். ‘நாலரை மணிக்குச் சுண்டல் இருக்கிறது, அப்போது சாப்பிடலாம்’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வேறு விளையாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். கோபமும் தண்டனையும் அந்தக் குரலில் கலக்கக் கூடாது. நலமாக இருக்கும் குழந்தை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டதால் கெட்டுப்போவதில்லை. அடுத்த வேளையிலோ மறுநாளோ ஈடு செய்துகொள்ளும். அதனால் எவ்வளவு சாப்பிட்டது என்பதை வேளைக்கு வேளை கணக்குப் பார்க்காமல் வாரக் கணக்கில் பாருங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த ஏற்பாட்டைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் மரியாதையோடு பேசிவிடுவது அவசியம். பஞ்ச காலத்தின் நினைவு அற்றுப்போகாத தலைமுறைக்குப் பேரப்பிள்ளை பசியோடு இருப்பதைப் பார்ப்பது தாங்க முடியாத வேதனை. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மாலை நாலரை மணித் தின்பண்டத்தைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள். பனங்கிழங்கும் கேழ்வரகு அடையும் அவர்கள் கைக்கு வந்த பண்டங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கும், நேரமும் கட்டுக்குள் இருக்கும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் உணவில் ஏறத்தாழப் பாதி அளவு காய்கறியும் பழமும் கீரையும் கிழங்கும் இருக்க வேண்டும் என்கிறது. நம் தட்டில் முக்கால் பங்கு சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் இருப்பதே வழக்கம். பாதிக்கு ஒரே தாவலில் போக முடியாது; போகவும் வேண்டாம். முதல் மாதத்தில் பருப்பைக் கெட்டியாக்குங்கள். தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பும் இல்லை, காயும் இல்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு, பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பொங்கலும் அடையும் பருப்புச் சாதமும் இட்லியும் நம் முன்னோர் கண்ட மிகச் சிறந்த சேர்க்கைகள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்ற கணக்கு பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

அடுத்த மாதத்தில் கூட்டைக் கொண்டு வாருங்கள். பாசிப்பருப்பில் வெந்த புடலங்காயும் சுரைக்காயும் பூசணியும் மென்மையாகவும் இனிப்பாகவும் இருப்பதால் சிறு பிள்ளைகள் பொரியலைவிடக் கூட்டை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால் நாளைக்கு ஒன்று தரலாம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் உண்டு. மீன் சாப்பிடும் வீட்டில் வஞ்சிரத்தைத் தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. முள்ளோடு மென்று விழுங்கக்கூடிய நெத்திலி சுண்ணாம்புச்சத்து மிகுந்தது. சாளையில் நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது. சிறு பிள்ளைக்குக் கொடுக்கும்போது முள்ளைக் கவனமாக எடுத்துவிட வேண்டும்.

இரும்புச்சத்தின் மீது தனிக் கவனம் தேவை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நாடு முழுவதிலும் 67.1 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்பதால், நம் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் சமைக்க வேண்டும். கீரையிலும் பயறிலும் கம்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் அவ்வளவாக ஈர்த்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி உடன் இருந்தால் ஈர்ப்பு கூடுகிறது. பருப்புக் கீரைக் கடைசலை இறக்கிய பிறகு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுவது, சாப்பாட்டோடு நெல்லிக்காய்த் துவையல் வைப்பது, சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யாத் துண்டு கொடுப்பது ஆகிய சிறு வேலைகள் பெரிய பயன் தரும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் குறைவு. பயறை ஊறவைத்து முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் என்னும் பொருளைக் குறைக்கின்றன. தேநீர் இதற்கு நேர் எதிரானது. பிள்ளைகளுக்கு டீயும் காபியும் எந்த வேளையிலும் வேண்டாம். ஆட்டு ஈரலும் சுவரொட்டி எனப்படும் மண்ணீரலும் வாங்கும் பழக்கம் உள்ள குடும்பங்கள் அதை விட்டுவிடாமல் சிறிய அளவில் தொடர்வது நல்லது.

வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்தால் சத்து என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடுகிறோம். அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவில் எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழை மோர் விட்டு உப்பாகக் கொடுத்துப் பழக்கினால் பிள்ளை அதையே விரும்பும். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டுவைப்பதையும் நிறுத்த வேண்டும். அந்த வயதில் அது அரிதாக ஆபத்தான நச்சுப் பாதிப்பை உண்டாக்கக்கூடும்.

மறுத்த காயைத் திரும்பக் கொண்டுவருவது

‘என் பிள்ளைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது’ என்று ஒரு தாய் சொன்னால், அந்தப் பிள்ளை கத்தரிக்காயை எத்தனை முறை சுவைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று முறைதான் இருக்கும். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளப் பல குழந்தைகளுக்கு எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுவைப்பது என்றால் ஒரு கிண்ணம் தின்பது இல்லை. விரல்நுனி அளவு துண்டு நாக்கில் பட்டால் போதும், துப்பினாலும் அது கணக்கில் சேரும். ஆகவே அந்தக் காய் வாரம் இரண்டு முறை சிறிய அளவில், பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஏதோ ஒன்றின் பக்கத்தில், எந்த வற்புறுத்தலும் இல்லாமல் தட்டில் இருக்கட்டும்.

காய் மறுக்கப்படுவதற்குச் சமைத்த விதமும் காரணமாக இருக்கலாம். முட்டைக்கோஸை நெடுநேரம் வேகவிட்டால் கந்தக நெடி கிளம்பும். மெல்லியதாக நறுக்கி, அகன்ற வாணலியில் ஐந்தாறு நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூ தூவினால் இனிக்கும். வெண்டைக்காயின் கொழகொழப்பு பல பிள்ளைகளுக்குக் குமட்டலை உண்டாக்குகிறது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கி, மூடாமல் வதக்கி, இடையில் ஒரு கரண்டி தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ விட்டால் அந்தக் கொழகொழப்பு அடங்கிவிடும். பீட்ரூட்டின் மண்வாசனை பிடிக்காத பிள்ளைக்கு அதைத் துருவித் தயிர்ப் பச்சடியாக்கிக் கொடுக்கலாம். அதன் நிறமே பிள்ளையைத் தட்டின் பக்கம் இழுக்கும். கீரையில் நார் வாயில் சிக்கக் கூடாது. தண்டை நீக்கி மசியக் கடைந்து ஒரு சொட்டு நெய் விடுங்கள். கீரையிலும் பரங்கியிலும் உள்ள வைட்டமின் ஏ உடலில் சேரக் கொழுப்பு தேவை என்பதால் அந்த நெய் சுவைக்காக மட்டுமல்ல. பாகற்காயோடு அவசரப்பட வேண்டாம். குழந்தைகளின் நாக்குக் கசப்பைப் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறது. அது இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

கேரட்டை அரைத்துத் தோசை மாவில் கலப்பதையும், கீரையைச் சப்பாத்தி மாவில் பிசைவதையும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மறைத்துக் கொடுப்பது மட்டுமே வழி என்று ஆகிவிட்டால் பிள்ளை கேரட்டைக் கேரட்டாக ஒருபோதும் அறியாது. தோசையில் கேரட் இருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள், அதன் பக்கத்தில் ஒரு கேரட் துண்டையும் வேகவைத்து வையுங்கள்.

காய்கறியோடு பிள்ளைக்கு உறவை உண்டாக்கச் சமையலறையையும் சந்தையையும் விடச் சிறந்த இடம் இல்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கின்றன. வாரம் ஒரு முறை அங்கே அழைத்துச் சென்று, ஏதேனும் ஒரு காயைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்து வாங்கட்டும். நான்கு வயதுப் பிள்ளை முருங்கைக்கீரையை உருவும், பட்டாணியை உரிக்கும், ஊறிய பச்சைப்பயறு முளைவிட்டதைத் துணியை விலக்கிப் பார்த்துக் கூவும். ஒரு பழைய தட்டில் மண் போட்டு வெந்தயம் விதைத்தால் மூன்று வாரத்துக்குள் கீரை பறிக்கலாம். தான் வளர்த்த கீரையைச் சுவைத்துப் பார்க்காத பிள்ளை அரிது.

உட்காரும் இடமும் பேசும் சொல்லும்

ஒரு வயது முடிந்ததும் பிள்ளை தன் கையால் எடுத்துச் சாப்பிடட்டும். சிந்தும், தரையெல்லாம் ஒட்டும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் வேலை எளிது. ஐந்து வயது வரை ஊட்டிவிட்டால் பிள்ளை உணவின் சூட்டையும் மென்மையையும் விரலால் அறியும் வாய்ப்பை இழக்கிறது. போதும் என்று வயிறு சொல்வதையும் கேட்கப் பழகுவதில்லை.

கைபேசியை நிறுத்துவது பலருக்கும் பெரும் போராட்டமாக இருக்கிறது. திரையைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது தெரிவதில்லை. சில பிள்ளைகள் இதனால் அளவுக்கு மீறித் தின்கிறார்கள், சில பிள்ளைகள் திரை இல்லாமல் வாயைத் திறக்கவே மறுக்கிறார்கள். எல்லா வேளையும் ஒரே நாளில் நிறுத்த முயலாமல் இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த வேளையில் அப்பாவின் கைபேசியும் அம்மாவின் கைபேசியும் வேறு அறையில் இருக்க வேண்டும், தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். பெரியவர்கள் பொரியலை ஒதுக்கிவிட்டு அப்பளத்தை மட்டும் தின்றால் பிள்ளையும் அதையே செய்யும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பசி இல்லை என்று பொருள்.

‘கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்’ என்று சொல்லும்போது கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். பரிசாகத் தரப்படும் உணவின் மீது ஆசை கூடுகிறது, அதற்காக விழுங்கிய உணவின் மீது வெறுப்பு மிஞ்சுகிறது. தட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற வற்புறுத்தலும் வேண்டாம். சோற்றை வீணாக்கக் கூடாது என்பது நல்ல பண்பு. அதைக் காக்க வேண்டியவர் பரிமாறுகிறவர். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மேசைக்கரண்டி பொரியல் வைத்தால் போதும், கேட்டால் மறுமுறை வைக்கலாம். அண்ணன் எப்படிச் சாப்பிடுகிறான் பார் என்ற ஒப்பீடும், உறவினர் முன்னிலையில் ‘இவன் ஒன்றுமே சாப்பிட மாட்டான்’ என்று சொல்வதும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். அதற்குப் பதில் உணவைப் பற்றிப் பேசுங்கள்: இந்தப் பூசணி எவ்வளவு இனிப்பு, இந்த அவரைக்காய் எந்தச் செடியில் காய்த்தது.

மற்றப் பிள்ளைகளின் துணையும் பெரிய வலிமை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு தரப்படுகின்றன. வீட்டில் உப்புமாவைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை, பள்ளி வரிசையில் நண்பர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டுவிட்டு வருவதைப் பல பெற்றோர் வியப்போடு சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ அத்தை பிள்ளையையோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். டிபன் பாக்ஸில் மட்டும் புதிய பண்டம் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். அங்கே நேரம் குறைவு, பழகிய உணவே இருக்கட்டும்.

பொட்டலங்கள்

கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை முற்றிலும் தடை செய்தால் ஆசை பெருகும். வீட்டில் வாங்கி அடுக்கினால் சோற்றுக்கு இடமிருக்காது. அவற்றை வாங்கி வைக்காமல், மாதத்தில் ஓரிரு நாள் வெளியில் போகும்போது சேர்ந்து தின்பது நடைமுறைக்கு ஏற்றது. அன்றாட மாலைக்குச் சுண்டல், பொரியும் பொட்டுக்கடலையும், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், வாழைப்பழம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும் கொடுக்க வேண்டும்.

பாலில் கலக்கும் பொடிகளை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடையின் வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பொடிதான். நான்கு கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்குச் சமம் என்று வைத்துக் கணக்கிடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்றொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இவை தேவையில்லை. சாப்பிடாத பிள்ளையின் பசியை இவை மேலும் குறைக்கும்.

மருத்துவரிடம் எப்போது போவது

பிள்ளையின் எடையும் உயரமும் வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டையொட்டி ஏறிக்கொண்டிருந்தால், ஓடியாடி விளையாடினால், குறைவாகச் சாப்பிடுவது பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கன்வாடியிலேயே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். எடை குறைந்தாலோ பல மாதங்களாக ஏறாமல் நின்றாலோ, கண்ணிமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருந்தாலோ, மண், சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்றாலோ, ஒவ்வொரு வாய்க்கும் புரையேறினாலோ, மொத்தமாகவே நாலைந்து உணவுகளைத் தவிர எதையும் தொட மறுத்தாலோ, இவை வெறும் பிடிவாதம் அல்ல. குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட மலச்சிக்கலும் குடற்புழுவும் பசியைக் கெடுப்பவை. ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பசி தூண்டும் டானிக்கை மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது முந்தைய மூன்று நாள்களில் பிள்ளை சாப்பிட்டதையும் குடித்ததையும், பால், பிஸ்கட், மிட்டாய் உட்பட, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எங்கே பசி அடைபட்டிருக்கிறது என்பதைப் பல நேரம் அந்தத் தாளே காட்டிவிடும்.